கழுதை உதைத்த கால்

தையுவான்
4 டிசம்பர் 1993

என் அருமைச் சண்டைக்காரி சியூஃபெங்குக்கு,

யின்பிங் எழுதுவது. எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், சிரிக்காமல் படி. மகளுக்குப் பெண் குழந்தை. ஒரு மாதப் பத்தியம்; தினைக் கஞ்சி காய்ச்சியே என் இடுப்பு கழன்றுவிட்டது. பேத்தி உன்னை மாதிரியே, மூக்கே இல்லை!

எதிர்வீடு என்றுதான் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் செங்கல் கட்டிலுக்கு அடியில் தினமும் தீ மூட்டு. இல்லாவிட்டால் கோஸ் ஊறுகாய் ஜாடி குளிரில் வெடித்துவிடும். அந்தக் கட்டிலுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். கோட்டை வாசலின் பெயர்க்கல். கலாச்சாரப் புரட்சியில் கொடி பிடித்த கூட்டம் உடைக்க வருமுன் என் வீட்டுக்காரர் கெங் இறக்கி ஒளித்தது. (அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் உன் வீட்டுக்காரர். போகட்டும், அதை எப்போதோ விட்டாச்சு.) கல் விழுந்துதான் கெங்கின் கால் போனது. கழுதை உதைத்தது என்று ஊருக்குச் சொன்னார். சாகும்வரை ‘கழுதை உதைத்த கெங்’ என்றே பெயர். இந்த வசந்தப் பண்டிகைக்கு வந்து, கல்லை எடுத்து, ஊர் நடுவில் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே.

உன் யின்பிங்

ஷிமென் கணவாய்
21 டிசம்பர் 1993

அன்பு அக்காவுக்கு,

தீ தினமும் மூட்டுகிறேன். புகை அடைத்ததால் கட்டிலில் ஒரு மூலையைப் பிரிக்க வேண்டியதாயிற்று, கவலைப்படாதே. கோட்டையைப் பழுது பார்க்கிறார்கள். என் மகனுக்கு அங்கே காவல் வேலை கிடைத்துவிட்டது! நீ பண்டிகைக்காக அவசரப்படாதே, அக்கா. குழந்தையின் நூறாம் நாள் விருந்தை முடித்துவிட்டே வா.

உன் தங்கை சியூஃபெங்

தையுவான்
9 ஜனவரி 1994

அடி சியூஃபெங்,

ஒரு கரண்டி வினிகருக்கு என்னோடு மல்லுக்கு நின்றவள், இப்போது என்ன இத்தனை பாசம்? என் கட்டிலில் எவனையாவது குடிவைத்துவிட்டாயா? உடனே பதில் போடு.

யின்பிங்

ஷிமென் கணவாய்
6 பிப்ரவரி 1994

மதிப்பிற்குரிய சியூஃபெங் அம்மாளுக்கு,

எதிர்வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் வாசற்படி ஏறக் கால் வரவில்லை.

பேருந்தை விட்டு இறங்கினேன், கோட்டை வாசலில் கூட்டம். கல் மேலே ஏறிவிட்டது. கீழே உங்கள் வீட்டுக்காரர், சட்டையில் மரியாதைக்குக் குத்திய சிவப்புப் பூவோடு. வினிகர் கடை லூ ஓடிவந்தாள்.

“அக்கா, கேட்டியா? உடைக்க வந்தவங்க கண்ணுல மண்ணத் தூவி, இவருதான் கல்லை ஒளிச்சு வச்சாராம்! உன் வீட்டுக்காரரு அப்ப கழுதைகிட்ட உதை வாங்கிப் படுத்துக் கெடந்தாரு, இல்ல?”

“அது எங்க வீட்டுக் கல்லுடி” என்றேன்.

“பண்டிகைக்கு முன்னாடியே ஊத்திக்கிட்டியா? இவ வாயிலேருந்து என்னைக்கு நெசம் வந்துச்சு!”

எல்லாரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கேலி பேசியவளை யார் நம்புவார்கள்? இதை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது நீங்கள்தான்.

ஜன்னல் வழியே பார்த்தேன், என் கட்டில் இடிந்து கிடக்கிறது. ஜாடியும் வெடித்துவிட்டது.

கல்லின் இடது மூலையில் கறுப்பு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம். என் கட்டிலடித் தீயின் கரி அது. தண்ணீருக்கு நீங்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நிமிர்ந்து பார்க்காதீர்கள், கழுத்து வலிக்கும்.

சாவியை என் வீட்டு வாசலிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே வரவேண்டாம்.

இப்படிக்கு,
கழுதை உதைத்த கெங்கின் மனைவி