பெருங்காயம் மணக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்

நண்பா,

இன்று காலை கிளம்புமுன் உன் ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தைப் புரட்டினேன். பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை. மளிகைப் பையிலேயே அதையும் போட்டுக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றியவன் அல்லவா நீ!

ஓய்வு பெற்ற இரண்டு கணக்கு வாத்தியார்கள் கம்ப்யூட்டர் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுவது உன் யோசனை. வயது வரம்பு இல்லை என்றதும் எனக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டாய். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பது மட்டும்தான் என் மனத்தில் தங்கியது. மாதிரித் தேர்வுகளில் சரியாகப் போட்ட கணக்கைக்கூடச் சந்தேகத்தில் விடை குறிக்காமல் விட்டுவிடுவேன். இப்படியே போனால் நான் தேற மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். "போட்டது சரியாத்தான் இருக்குது. அப்புறம் எதுக்குடா விட்ட?" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் புத்தகம் என்னிடம், இது உன்னிடம். அடுத்தவன் புத்தகம் கைக்கு வந்தால்தான் தன் புத்தகத்தைத் தருவது என்பது நம் ஒப்பந்தம். நீ வருவாய் என்று நானும், நான் வருவேன் என்று நீயும் நாள்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். தொந்தரவாகிவிடுமோ என்று நான் போன்கூடச் செய்யவில்லை. கடைசியில் உன் மனைவிதான் உன்னிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"அவரு இன்னான்னா அங்க காத்துக்கினு இருக்காரு, நீங்க இங்க காத்துக்கினு இருக்கீங்க. இந்தாங்கண்ணா, புடிங்க!"

பின்னாலேயே நீ சிரித்துக்கொண்டு வந்தாய். "டேய், டெட்லாக்னு ஒரு அத்தியாயமே இருக்குது. ரெண்டு பேரும் கையில இருக்கறத விடாம, அடுத்தவன்கிட்ட இருக்கறதுக்குக் காத்துக்கினு நிக்கறது. நம்மளப் பத்திதான்டா எழுதியிருக்கான்!"

மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். இந்தப் புத்தகத்தை உன் மனைவி மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தார். "அவருக்கும் சேத்து எழுதிட்டு வாங்கண்ணா."

ஏனாத்தூருக்குப் பக்கத்தில் தேர்வு மையம். வாசல் காவலர், "பெத்தவங்கல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றார்.

"நான்தான்பா எழுதணும்" என்றேன். அவர் நுழைவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வணக்கம் வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரில்தான் தேர்வு. திரையில் கேஷ் மெமரி பற்றி ஒரு கணக்கு வந்தது. போட்டேன். சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். வழக்கம்போல் விட்டுவிடத்தான் தோன்றியது. உன் குரல் கேட்குமோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பக்கத்துப் பெண் மவுஸைத் தட்டும் ஓசைதான் கேட்டது. நானே விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடிவு எப்படி வேண்டுமானாலும் வரட்டும். வீட்டுக்கு வந்ததும் சொல்ல நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்: போட்ட கணக்கு ஒன்றைக்கூட இன்று நான் விடவில்லையடா.