மஞ்சள் பாதம்

செப்டம்பர் 7, சனி
ஏரிக்கரையில் எங்கள் பறவைச் சங்கத்தின் பறவை பார்க்கும் நடை. பதினெட்டாவது வருடமாக நான்தான் தலைமை. வசந்தத்தில் கருந்தலைக் குருவிக்குத் தலை கறுப்பு, செம்மார்புக் குருவிக்கு மார்பு சிவப்பு, குழந்தைகூடச் சொல்லிவிடும். இப்போது இறகு மாற்றி இரண்டும் ஒரே மங்கல் பச்சை. காலைத்தான் பார்க்க வேண்டும். பாதம் மஞ்சளென்றால் கருந்தலை, சாம்பலென்றால் செம்மார்பு. இன்று பதினொன்று. பதினொன்றும் கருந்தலை.

வெண்டல் மட்டும் அதில் இரண்டு செம்மார்பு என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பறவை பார்ப்பதில் இரண்டு வருட அனுபவம் அல்லவா, பேசத்தானே செய்யும்? "நாப்பது வருஷம் மஞ்சள் பஸ் ஓட்டியும் மஞ்சள் தெரியலையே உங்களுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 10
சமையலறைத் திரைச்சீலை பழுப்பேறிவிட்டது. ரஸ்ஸல் துவைத்த லட்சணம். கட்டியவள் சொன்னால் கேட்கிறாரா?

செப்டம்பர் 14, சனி
கருந்தலை பதினாறு, செம்மார்பு பூஜ்யம். செம்மார்புகள் இந்த வருடம் வேறு வழியாகப் போகின்றன போலும், வெண்டலிடம் மட்டும் சொல்லிவிட்டு. பட்டியலில் அவர் செம்மார்பென்று எழுதியதையெல்லாம் அடித்தேன். சங்கத்தின் பட்டியலில் இருப்பது என் கையெழுத்து.

செப்டம்பர் 15
"மூணு தடவை துவைச்சாச்சு, பாலாட்டம் இருக்கு. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்கிறார் ரஸ்ஸல். திரிந்த பால்.

செப்டம்பர் 19
ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு குருவி செத்துக் கிடந்தது. பாவம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் பாதம். ரஸ்ஸலைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாம்பல் என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே பறவை வறுத்த கோழி. பொய் சொல்ல அவருக்கு என்ன வந்தது?

திரைச்சீலை. ஐயோ, அந்தத் திரைச்சீலை.

செப்டம்பர் 20
கண்புரை. இரண்டு கண்ணிலும். நமக்கே தெரியாமல் எல்லாவற்றையும் மெல்ல மஞ்சளாக்குமாம். மூன்று வருடமாவது இருக்கும் என்றார் டாக்டர். மூணு வருஷம்! எத்தனை பேரோட பட்டியலை அடிச்சிருப்பேன்?

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே.

அக்டோபர் 12, சனி
வலது கண் அறுவை முடிந்தது. திரைச்சீலை வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை. மன்னிப்புக் கேட்டேன்; ரஸ்ஸல் எழுதித் தரச் சொன்னார்.

நடை தொடங்குமுன் எல்லோரிடமும் சொன்னேன்: மூன்று வருடக் கணக்கும் தப்பு, தப்பு என்னுடையது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

புதரில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. பழக்கம், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வெண்டலைப் பார்த்தேன்.

அவர் குருவியின் காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாதம் மஞ்சள்தாங்க. கருந்தலை" என்றார்.

எழுதிக்கொண்டேன். கையெழுத்துக்குப் பட்டியலை அவரிடம் நீட்டினேன்.