உச்சஸ்தாயி பதவி விலகிய வரலாறு

மார்ச் 4
ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கி ஒன்பதாவது வாரம். இன்று காலை முகம் கழுவும்போது என் குரல் மாடியிலிருந்து கீழே விழுந்தது. தெரு முழுக்க ஜன்னல்கள் அதிர்ந்தன, நாய்கள் சரணடைந்தன. அக்கா மகள் மட்டும் அசரவில்லை. “மாமா, குக்கர் விசில் பாதில நின்னுபோன மாதிரி இருக்கு.”
‘மாமா’ என்று கூப்பிட்ட வாய். மன்னித்துவிட்டேன்.

மார்ச் 9
நாற்பத்திரண்டு வருடம் என்னைப் பெண் என்று எழுதிவைத்திருந்த அரசாங்கமே ஒரே படிவத்தில் திருத்திக்கொண்டது. எங்கள் சேர்ந்திசைக் குழுவுக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. முடிவு: பெண்கள் வரிசைக்கும் ஆண்கள் வரிசைக்கும் நடுவே, போகவர விட்டிருந்த இடைவெளியில், எனக்கொரு தனி நாற்காலி. சக்கரவர்த்தியைப் போல வீற்றிருந்தேன். தண்ணீர் குடிக்கப் போன ஏழு பேர் தடுக்கி என் காலில் விழுந்தார்கள்.

மார்ச் 16
செயலாளர் (தொழில்: பல் டாக்டர்) ஓரமாகக் கூப்பிட்டார். “மே மாசம் போட்டி. அந்த உச்சஸ்தாயி உங்கள விட்டா யாருக்கும் எட்டாது. அதுவரைக்கும் இந்த ஆம்பளை விஷயத்தத் தள்ளிப்போட முடியாதா?”
“டாக்டர், பாதி பிடுங்கின பல்ல மே மாசம் வரைக்கும் அப்படியே விட்டுவைப்பீங்களா?”
யோசித்தார். கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறாராம்.

மார்ச் 17
ஜோக்கெல்லாம் சரி. மேலே ஆறு ஸ்வரம் போயாச்சு. கீழே இன்னும் ஒண்ணும் வரல — வெறும் காத்து. வராமலே போயிட்டா? ஊசிய நிறுத்தினாலும் போனது திரும்பாதாம். நிறுத்தவும் மாட்டேன். ஆனா பாடாம நான் யாரு?

ஏப்ரல் 2
பயிற்சிக்குப் போகவில்லை. தொண்டை வலி என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 20
குழுவின் பியானோ ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். “உசரத்தையே ஏன் தேடுறீங்க? பேசுற குரல்லேருந்து ஆரம்பிங்க.” தினமும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். முனகுகிறேன். ஃபிரிட்ஜ் பொறாமையில் வேர்க்கிறது.

மே 11
போட்டி. சுருதியை இறக்கி, என் பகுதியை நான்கு பெண்கள் பங்குபோட்டுப் பாடினார்கள். பார்வையாளர் நாற்காலியில் நான். வானம் இடிந்து விழவில்லை, கொஞ்சம் வருத்தம்தான். மூன்றாம் பரிசு.

ஜூன் 8
ஆண்கள் பக்கம், கடைசி வரிசை. பக்கத்தில் லாரி ஓட்டுநர். கீழே எனக்கு இதுவரை அகப்பட்டது ஐந்து ஸ்வரம். முதல் பாட்டிலேயே ஐந்தையும் மொத்தமாக இறக்கினேன். முழங்கையால் இடித்தார்.
“யோவ், மெதுவாய்யா. என் குரலே எனக்குக் கேக்கல.”
மெதுவாகப் பாடினேன். கொஞ்ச நேரம்.