சென்னைத் துறைமுகத்தில் நான் இறங்காத நாள்

என் பிரியமான நிர்மலாவுக்கு,

நீ போய் முப்பத்தைந்து நாளாகிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து, பாரிசின் ரூ காய் தெருவில் நீ வழக்கமாகப் போகும் உணவகத்தில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். உன் மாமியார் சாம்பாரில் உப்பில்லை என்றார். எதிரே இருந்த புடவைக் கடை கைபேசிக் கடையாகிவிட்டது. இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டுமே என்ற பழக்கதோஷத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு முடிவதற்குள் உன்னிடம் கேட்க வேறொன்று வந்து சேர்ந்தது.

முதலில் நல்ல செய்தி. எலோடிக்குக் கப்பல் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. உன் மகள் செப்டெம்பரில் மார்செய்யில் கப்பலேறுகிறாள். நாம் போனதைவிடப் பெரிய கப்பல், ஆனால் ஒழுங்கு அதேதான். நான்கு மாதம் கடலில் வகுப்பு, துறைமுகங்களில் ஊர் பார்ப்பது. பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, செத்த மீனுக்கு முத்தம் கொடுக்க வைக்கிறார்களாம் இன்னும். நேரத்துக்குக் கப்பல் திரும்பாதவர்களை அடுத்த துறைமுகத்தில் இறங்க விடாத சட்டமும் இருக்கிறதாம்.

அதைச் சொன்னதும் எலோடி என் பக்கம் திரும்பினாள். அந்த மாலுமியின் கதையைச் சொல்லச் சொல்லிப் பிரெஞ்சில் கேட்டாள். அம்மா இல்லாமல் அந்தக் கதையை நான் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம்.

சொன்னேன். இருபத்தாறு வருடமாகச் சொல்லிவரும் கதைக்கு யோசிக்கவா வேண்டும்? அந்தக் கப்பலில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான். ஒருத்தி புதுச்சேரி, ஒருத்தி யாழ்ப்பாணம், இருவருக்கும் ஒரே அறை. கரைக்கு இறங்கும்போது அறைக் கதவின் பின்னால் தொங்கும் அடையாள அட்டையை எடுத்துப் போக வேண்டும். திரும்பும்போது படிக்கட்டில் நிற்கும் மாலுமி அட்டையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவான். மொரீசியசில், போர்ட் லூயி துறைமுகத்தில், நான் நேரத்துக்கு வந்துவிட்டேன். வந்தவுடன் அட்டையை அறையில் போட்டுவிட்டு, ஆளில்லாத கப்பல் நூலகத்தில் என் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் குறிப்பேட்டில் நான் இரண்டு மணி நேரம் பிந்தி வந்ததாக எழுதியிருந்தது. அந்த வெள்ளைக்கார மாலுமிக்குக் கறுத்த பெண்கள் எல்லோரும் ஒரே முகம். எவளோ ஒருத்திக்குப் பதிலாக என் பெயரை எழுதிவிட்டான்.

இந்த இடத்தில் நீ வழக்கமாகத் தலையை ஆட்டுவாய். "ஆமாம், எங்க ரெண்டு பேரையும் அவனுக்கு வித்தியாசமே தெரியாது," என்பாய்.

பிந்தியவர்களின் பட்டியலை எப்படி வாசிப்பார்கள் என்பதையும் சொன்னேன். சென்னையை அடைவதற்கு முதல் நாள் கூட்டம். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து குனிந்து வணங்க வேண்டும், மற்றவர்கள் மேசையில் தட்டிக் கூச்சல் போடுவார்கள். அதுதான் கப்பல் வழக்கம். என் பெயர் வந்தது. எழுந்து வணங்கினேன். பக்கத்தில் நீயும் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாய். மெதுவாகத்தான் தட்டினாய், அது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் துறைமுக வாசலில் அப்பா வந்து நிற்கப்போகிறார் என்பது உனக்குத் தெரியும். நான் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு பாரிசுக்கு வந்தவள். அப்பா படகில் இந்தியா போய் இராமநாதபுரத்துப் பக்கம் அகதி முகாமில் இருந்தார். ஒன்பது வருடம் நான் அவரைக் கண்டதில்லை. முகாமில் அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள் அனுமதி. வர ஒரு நாள், அன்று மாலையே ரயிலேறித் திரும்ப ஒரு நாள். அவருடைய கடிதத்தை நான் உனக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டினேன்!

கப்பலில் மாணவர் பொறுப்பாளரிடம் போய்க் கெஞ்சினேன். "பிந்தியது நீ இல்லையென்றால் யார்?" என்று கேட்டார். அறைக்கு ஓடி வந்து உன்னைக் கேட்டேன்.

"நிர்மலா, நீ எத்தனை மணிக்கு வந்தனீ?"

"நான் அஞ்சு மணிக்கே வந்துட்டேன்பா. ஏன்?"

அவ்வளவுதான். அடுத்த நாள் முழுக்கக் கப்பல் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவினேன். எனக்குப் பதிலாக நீ வாசலுக்குப் போனாய். அதற்காகவே உன்னை என் உயிர் என்று நினைத்தேன்.

கதையை முடித்ததும் எலோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரோ தொலைபேசியில் அழைக்க வெளியே போனாள். சேவியர் என் பக்கம் குனிந்தார். அவர் குரலில் கோபமோ குற்றச்சாட்டோ இல்லை, நிர்மலா. உன் கணவர் சும்மாதான் கேட்டார்.

"ஏன்க்கா, இன்னமும் அந்தக் கப்பல்காரன் மேலேயே பழிய போடுறீங்க? புள்ளைக்குத் தெரிய வேணாம்னா?"

"என்ன தெரிய வேண்டாம்?"

"அதான், கார்டு மாறிப்போனது. அவ உங்ககிட்ட சொல்லிட்டாளே."

"எப்ப சொன்னவ?"

அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "எங்க கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டேன்னாளே... மோன் தியே, கடவுளே. சொல்லலியா?"

"இல்லை. நீங்கள் முழுக்கச் சொல்லுங்கோ, சேவியர்."

சொன்னார். போர்ட் லூயியில் காலையில் நம் அட்டைகள் மாறிவிட்டன. நான் உன்னுடையதை எடுத்துப் போய், உன்னுடையதையே காட்டித் திரும்பியிருக்கிறேன். ஐந்து மணிக்குக் கப்பலுக்கு வந்தது குறிப்பேட்டின்படி நீ. ஏழு மணிக்கு வந்த நீ என் அட்டையை நீட்டினாய். மாலுமி என் பெயரை எழுதும்போதுதான் உனக்கு விளங்கியது. கேப்டவுனில் ஏற்கெனவே ஒரு தரம் பிந்தியவள் நீ. இரண்டாம் தரமென்றால் அடுத்த துறைமுகத்திலிருந்து விமானத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறக்காமல் வந்து இரண்டு அட்டைகளையும் ஆணியில் மாட்டினாய்.

அட்டை மாறியதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அந்த மாலுமி நம் முகத்தைப் பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் சொல்லித் திரிந்தவள், என் கையிலிருந்த அட்டையில் யாருடைய முகம் இருக்கிறதென்று பார்க்கவில்லை. அது பிழை. ஆனால் "அஞ்சு மணிக்கே வந்துட்டேன்பா" என்றாயே, அது பிழையா?

நீ பயந்தாய். இருபத்தொரு வயது. அதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. சென்னையை விட்டுப் புறப்பட்ட பிறகும் சொல்லாததை எப்படி விளங்கிக்கொள்வது? செங்கடலில் இருக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று அம்மாவின் செய்தி வந்தது. மூன்று நாள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் நீ. அப்போதும் உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

சேவியரிடம் இன்னொன்றும் கேட்டேன். நான் ஏன் வரவில்லை என்று அப்பாவிடம் நீ என்ன சொன்னாய்?

"காய்ச்சல்னு சொன்னாளாம்க்கா. தண்டனைன்னு சொன்னா பெரியவர் மனசு கஷ்டப்படும்னு."

அப்பா உன்னிடம் கொடுத்தனுப்பிய பையில் பனங்கட்டியோடு கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் இருந்தன. கப்பலில் எங்கே அவித்துக் குடிப்பது என்று நாம் இருவரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், நிர்மலா. மகள் காய்ச்சலோடு கடலில் போகிறாள் என்ற கவலையோடுதான் அந்த மனிதர் முகாமுக்குத் திரும்பியிருக்கிறார். பதினேழு நாளில் இறந்தும் போனார்.

நான் எதையும் எளிதில் நம்பாதவள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். உன்னை மட்டும் நம்பினேன். அப்பாவின் அந்தக் கடைசி நாள் முழுவதும் உன் வாயால் எனக்கு வந்தது. போர்ட் லூயியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் பூமத்திய ரேகைச் சடங்கில் நீ அடித்த மொட்டையைப் பார்த்து, "திருப்பதியா பழனியாம்மா?" என்று அவர் கேட்டதாகச் சொல்வாய். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம் என்றாராம். என் பழைய படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். இப்போது ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன். எது அவர் சொன்னது? எது எனக்காக நீ சேர்த்தது? யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்று உணவகத்தை விட்டு வெளியே வரும்போது சேவியர் என்னை மறித்தார். "எலோடிக்குச் சொல்லிடாதீங்கக்கா. அம்மா போயி ஒரு மாசந்தான் ஆவுது. அவகிட்ட இருக்கிறது இந்தக் கதைங்கதான்." திரான்சியில் என் வீட்டுக்குப் போகும் பேருந்தில் வழி முழுவதும் அதையே யோசித்தேன். என்னிடமும் கதைகள் மட்டும்தானே இருந்தன?

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எலோடியை வழியனுப்ப மார்செய் வரை நான் போகிறேன். ரயிலில் அவளிடம் சொல்வேன். நீ பயந்ததையும் சொல்வேன், பொய் சொன்னதையும் சொல்வேன், வாசலுக்குப் போய் என் அப்பாவோடு ஒரு பகல் முழுக்க நின்றதையும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம், அந்தக் கதையை நான் முன்பு எழுதிய பத்திரிகைக்கே அச்சுக்குப் போகும். பெயர் தெரியாத ஒரு மாலுமியின் மேல் எல்லோருக்கும் முன்னால் பழி போட்டேன், அதை எல்லோருக்கும் முன்னால் எடுக்க வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்ல மாட்டேன். இன்னும் அது உண்மையில்லை. இந்தக் குடும்பத்தில் இனி அவளுக்கு யாரும் பொய் சொல்லக் கூடாது.

கையெழுத்திட வந்து, என்னை உனக்கு என்னவென்று எழுதுவது என்று பேனாவை வைத்துவிட்டேன். ரயிலேறும்போது அப்பா உன் தலையைத் தொட்டு, "நீயும் எனக்கொரு மகள்தான், அவளை அக்கா என்று கூப்பிடு," என்றாராம். அன்றிலிருந்து சாகும்வரை என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். அதற்கும் உன்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
வதனி