சண்டே குஸ்காவின் முதல் ரெக்கார்டில் பாஸ் வாசித்தது யார்?

என் ஆசை டாடிக்கு,

நம் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பாஸ் கிட்டார் நீங்கள் சாய்த்து வைத்த மூலையிலேயே நிற்கிறது. வாரா வாரம் தூசி தட்டுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். நினைவு வரும்போது தட்டுகிறேன். உங்கள் பேண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன ஞாயிறுகூட ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்தார்கள். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை, பெயர் மட்டும் அதே ‘சண்டே குஸ்கா’. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோற்றின் பெயரை ஒரு பேண்டுக்கு வைக்க உங்கள் கூட்டத்தால்தான் முடியும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கண்மூடிய மூன்றாம் மாதம் என் போன் படுத்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் சரிசெய்து கொடுத்தார், உள்ளே ஒன்றுமே இல்லை. உங்கள் வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் போச்சு. மூக்கால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு பெரிய மூச்சை இழுத்து, அதற்குப் பிறகுதானே “பாப்பா, சாப்ட்டியா?” என்று ஆரம்பிப்பீர்கள்? அந்த மூச்சுகூட மிச்சமில்லை. கடையிலேயே நின்று கத்தினேன். “பேக்கப் எடுக்கலியா மேடம்?” என்றார். எடுக்கவில்லை. ஏழே மாதத்தில் பிறந்தவளுக்கு எதிலும் பொறுமை கிடையாது என்று நீங்கள்தானே கேலி செய்வீர்கள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேகனா என்று ஒரு பெண். பழைய ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடியும் வெளியிடுவது அவள் வேலை. உங்கள் பேண்டின் முதல் ரெக்கார்டு, நான் பிறந்த வருஷம் வந்தது, நம் வீட்டில் ஒரு காப்பிகூட இல்லாதது, அதற்கு இப்போது வெளிநாட்டில் எல்லாம் அலைகிறார்களாம். நம்புவீர்களா? உங்களுக்கு அது ‘ஆட்டம் போட வைக்கிற மியூசிக்’. அவர்களுக்கு அது ஃபங்க். “இந்த மாதிரி ஃபங்க் ரெக்கார்டு நம்ம ஊர்ல வேற இல்ல மேடம்” என்கிறாள். அவள் கையில் இருந்த ஒற்றைக் காப்பியை நம் வீட்டு மேஜைமேல் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்தாள்.

“பின்னாடி நோடி மேடம், பாருங்க” என்று அட்டையைத் திருப்பினாள். ஐந்து பேர் நிற்கும் போட்டோ. நான்கு பேர் கையில் வாத்தியம். நீங்கள் மட்டும் இரண்டு கையையும் கால்சட்டைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஓரமாக நிற்கிறீர்கள். கீழே பெயர்கள். லாரன்ஸ், டிரம்ஸ். இப்படியே எல்லோருக்கும். கடைசியில் ‘அந்தோணி’. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“பாஸ் வாசிச்சது யாரு மேடம்? இந்த ரெக்கார்டோட உயிரே அந்த பாஸ்தான். என்ன மெஷின்ல எடுத்தாங்கன்னு இன்டர்நெட்ல சண்டையே நடக்குது. பாம்பேலேர்ந்து வந்த யாரோ வாசிச்சிட்டுப் போனாருன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வெள்ளிக்கிழமை எல்லாம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள தெரியலேன்னா ‘தெரியவில்லை’ன்னுதான் போடணும்.” கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். மூன்றாவது பாட்டில் பாஸுக்கு நடுநடுவே காற்று மாதிரி ஒரு இரைச்சல் வருகிறதாம். கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவார்களாம். துடைத்துக்கொள் தாயே என்றேன். எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை.

ஏனென்றால் என் மனதில் ஓடியது வேறு. பள்ளிக்கூட நாளில் ஒருமுறை இந்த ரெக்கார்டைப் பற்றிக் கேட்டேன், நினைவிருக்கிறதா? “அதுல நான் கிட்டாரத் தொடவே இல்ல பாப்பா, விடு” என்றீர்கள். அப்படியானால் வேறு யாரோ வாசித்தார், நீங்கள் போட்டோவுக்கு நின்றீர்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு ஒரு நாள், நீங்கள் என் வேலையைப் பற்றி ஏதோ சொல்லப்போய், “வாசிக்காத ரெக்கார்டுக்கு போஸ் குடுத்தவர்தானே நீங்க!” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு ரசம் கேட்டீர்கள். அந்த ரசத்தை ஊற்றிய கை இது, டாடி. நான் சொன்னது உண்மையா, இல்லையா? இதை மேகனாவைவிட நான்தான் தெரிந்துகொண்டாக வேண்டும்.

மம்மியும் இல்லை. அந்த ஐந்து பேரில் மிச்சம் லாரன்ஸ் அங்கிள் ஒருவர்தான். சந்தாபுராவில் மகனோடு இருக்கிறார். எனக்குச் சனிக்கிழமை அரை ஷிப்ட். மதியம் பொம்மசந்திரா கம்பெனியிலிருந்து நேராக அங்கே போனேன். காது மந்தம், அதனால் நமக்குக் கேட்காது என்று நினைத்து அவர் கத்துகிறார். “யாரு, அந்தோணி பொண்ணா? வா மா, வா! ஊட்டா ஆயித்தா?” சாப்பிட்டேன் என்று நானும் கத்தினேன். பிறகு கேள்வியைக் கத்தினேன்.

அங்கிள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உனக்கு அவன் சொல்லவே இல்லியா?”

அங்கிள் சொன்னார். ஈஸ்டர்வரையிலான தவக்காலத்தில் நமக்குக் கல்யாணம் கிடையாது. பேண்டுக்கு வேலையும் கிடையாது, சர்ச் பங்கு ஹாலும் காலி. ‘இதை விட்டா வேற நேரம் ஏது’ என்று எல்லோரும் சேர்ந்து ரெக்கார்டிங்கைத் தவக்காலத்தில் வைத்துவிட்டார்கள். டேப் மெஷின் வந்தது, மைக் வந்தது. நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள்.

“கிட்டார் எங்கடான்னு கேட்டேன். பீரோ மேல இருக்குன்றான்! விளையாடறியான்னு அடிக்கவே போயிட்டேன். அப்பதான் மெதுவா சொல்றான். நீ பொறந்து, ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடந்த பாரு, டாக்டரே கைய விரிச்சிட்டாரு. இந்தப் புள்ள பொழச்சா, சாவுற வரைக்கும் தவக்காலத்துல கிட்டாரத் தொடமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டானாம். நீ பொழச்சிட்ட. நாங்க மாட்டிக்கிட்டோம்!”

டாடி, வருஷா வருஷம் சாம்பல் புதனன்று கிட்டார் போர்வை சுற்றிக்கொண்டு பீரோ மேல் ஏறும். ஈஸ்டர் அன்று இறங்கும். கல்யாணம் இல்லாத மாதத்தில் அதற்கு ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காகவா?

“அப்புறம் என்ன பண்ணீங்க அங்கிள்?”

“வேற ஆளப் புடிக்கலாம்னு பார்த்தோம். எப்படி வாசிக்கணும்னு உங்கப்பன் வாயாலயே ‘டும் டுடும் டும்’முன்னு சொல்லிக் காட்டிட்டிருந்தான். ஹால் மூலைல கஞ்சி அண்டா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிஞ்சா ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்துவாங்களே, அது. அது பக்கத்துல நின்னு ‘டும்’முன்றான், ஹாலே அதிருது! டேய், மண்டைய உள்ள விடுடான்னேன். மைக்கையும் உள்ள விட்டோம். மூணு நாளு மா! எட்டு பாட்டுக்கும் அண்டாக்குள்ள மண்டைய விட்டுக்கிட்டுப் பாடினான். வெளிய வந்தா மூஞ்சி பூரா வேர்வை, கஞ்சி வாசனை. சக்கத்தா வந்துச்சு, பிரமாதம்!”

நான் சிரித்தேன், டாடி. அங்கிள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உலகம் முழுக்க என்ன மெஷின், என்ன மெஷின் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் பங்குக் கஞ்சி அண்டா!

“அட்டைல பாஸ்னு போடலாம்டான்னேன். கிட்டாரத் தொடாதவன் பேருக்குப் பக்கத்துல பாஸ்னு போட்டா பொய்யின்னுட்டான். பாடகர்னு போடலாம்னா, நான் எங்கடா பாடினேன், டும் டும்முன்னேன்றான். கடைசில ஒண்ணும் போடல. நேந்துக்கிட்டத வெளிய சொன்னா பலிக்காதுன்னு எங்க வாயையும் அடைச்சிட்டான்.”

சொன்னால் பலிக்காதாம். நான் பிழைத்து, வளர்ந்து, தலை நரைத்து, உங்களையே எதிர்த்துப் பேசியும் ஆயிற்று. இதற்கு மேல் என்ன பலிக்க வேண்டும்? அன்று ரசம் கேட்காமல், “உனக்காகத்தான்டி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்போது மனதுக்குள் என்ன நினைத்தீர்கள்? நேர்ந்துகொண்டது நீங்கள், நான் இல்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். கோபப்பட்டால் படுங்கள்.

சந்தாபுரா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, மேகனா அனுப்பியிருந்த மூன்றாவது பாட்டைக் காதில் மாட்டினேன். டும் டுடும் டும். அடுத்து, அந்த இரைச்சல். ‘ஸ்ஸ்ஸ்.’ மூக்கால் இழுக்கும் ஒரு பெரிய மூச்சு. மறுபடியும் டும் டுடும் டும். மறுபடியும் மூச்சு. அடுத்து “பாப்பா, சாப்ட்டியா?” வந்துவிடும் என்று காத்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. ஆனாலும் நீங்கள்தான். எத்தனை பஸ் போயிற்றென்று தெரியாது.

அழுகையோடே மேகனாவுக்கு போன் போட்டேன். “அந்தக் காத்துச் சத்தத்த எடுத்துட்டீங்களா?”

“நாளைக்கு எடுக்கறாங்க மேடம்.”

“எடுக்காதீங்க. கையே வைக்காதீங்க. அது எங்க டாடியோட மூச்சு.”

 பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். “அப்போ அட்டைல என்ன மேடம் போடட்டும்?” என்றாள். பொய் இல்லாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துச் சொன்னேன். ‘அந்தோணி: பாஸ், தன் வாயால்.’ சரிதானே, டாடி? இதில் கிட்டார் எங்கும் வரவில்லை.

சாம்பல் புதன் அடுத்த மாதம் வருகிறது. உங்கள் கிட்டாரை நானே போர்வை சுற்றிப் பீரோ மேல் ஏற்றுவேன். நாற்பது நாளும் தொடமாட்டேன். ஈஸ்டர் காலையில் நானே இறக்கி, உங்கள் நாற்காலியில் சாய்த்து வைப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. வாயால் வாசிப்பேன்.

நீங்கள் நேர்ந்துகொண்டதால் பிழைத்த
உங்கள் ஏழு மாதப் பிள்ளை,
ஸ்டெல்லா