ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே

மார்ச் 4, செவ்வாய்

மேசையில் டம்ளர் வைக்க இடமில்லை. ஒரு விசைப்பலகை, ஒரு ஸ்பீக்கர், ஃபியூஸ் கொடுத்த சின்ன போர்டு. ஃபியூஸ் என்னோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன் தொட்ட சர்க்யூட் எல்லாம் புகையும், அதனால் அந்தப் பெயர். இதையெல்லாம் சேர்த்து அண்ணனுக்கு ஒரு குரல் செய்யப் போகிறேன். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை. காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவனுக்குப் பேச்சில்லை என்றால்? மாதக் கடைசி வரை பொறுப்பாராம் மண்டித் தலைவர். அப்புறம் வேறு ஆள்.

தட்டினதைப் படித்துக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்தாயிற்று. ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் அது ஓயாது.

மார்ச் 9, ஞாயிறு

பேசிவிட்டது! அண்ணன் "தக்காளி" என்று தட்டினான், பெட்டி "தக்காளி" என்றது. அண்ணி கரண்டியோடு ஓடிவந்தாள்.

மார்ச் 13, வியாழன்

மண்டியில் முதல் சோதனை. மானம் போயிற்று.

ஒரு கூடைக்கு விலை ஏறி நின்றது. பெட்டி "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்றது. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அண்ணன் நிறுத்தும் விசையை அழுத்தினான், அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான். பெட்டி நிதானமாக "மூணு தரம்" என்றது. அதைச் சொன்னால் முடிந்தது. சரக்கு முந்தைய ஆளுக்கு. கை தூக்கிய வியாபாரி கத்தினார்: "உன் மெஷினுக்கு வாய் மட்டும்தானா? காது கெடையாதா?"

மண்டியே சிரித்தது. அண்ணன் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டான். வீட்டில் போனில் தட்டிக் காட்டினான்: "விடு. எடை போடற வேலைக்குப் போயிடறேன்."

எடை போடறதா? இவனா? வாயைத் திறந்தா மண்டியே திரும்பிப் பாக்குமே!

மார்ச் 14, வெள்ளி

வியாபாரி சொன்னது சரிதான். குரல் ப்ரோக்ராம் ஓடும்போது போர்டு முழுக்க அதன் பிடியில். விசையைக் கவனிக்கும் ப்ரோக்ராம் வாசலில் நிற்கிறது. முதலாவது தானாக விட்டால்தான் அடுத்ததற்கு முறை. ஏன் விடணும்? யார் கேட்பது?

கேட்க ஆளே இல்லை! ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று இல்லாமலே ரெண்டு ப்ரோக்ராம்களைக் கூண்டில் விட்டிருக்கிறேன். சரி, சின்னதாக ஒன்று, நானே எழுதினால்? முடியுமா? — முடியணும்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணிக்கு விளக்கினேன். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள்.

"இனிமே எந்த ப்ரோக்ராமும் ஸ்பீக்கர நேரா தொடக் கூடாது அண்ணி. சிஸ்டத்துக்கிட்ட கேக்கணும். அதுதான் முறை வைக்கும், இடம் குடுக்கும், நேரமாச்சுன்னா எழுப்பி விடும். அவசரம்னு யாராவது வந்தா நடுவுல விடும்."

"அட, இது என் வேலதானே?"

"அதேதான்!"

"எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. அதுக்கு?"

மார்ச் 20, வியாழன்

டைமர் அடிக்கிறது! அடிக்கும்போதெல்லாம் சிஸ்டம் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட விடுகிறது. குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே விசையும் வேலை செய்கிறது. இருப்பது ஒரே சிப். ரெண்டும் அது தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன, பாவம். ஆபீஸ் சாப்பாட்டு அறையில் கத்தியே விட்டேன். ஃபியூஸ் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"புகையவே இல்லையே?"

"நீ இன்னும் தொடல."

மார்ச் 22, சனி

நிறுத்தினால் நிற்கிறது. நின்ற பிறகு வாயே திறக்கவில்லை. ஐயோ, ஏன்?

மார்ச் 23, ஞாயிறு

கண்டுபிடிச்சிட்டேன்! பேச்சை நிறுத்த, குரல் ப்ரோக்ராமைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புகிறேன். செத்தது ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்காமலே செத்திருக்கிறது. புதியது வரிசையில் நிற்கிறது, பிணத்திடமிருந்து வாங்க! கேட்டதைக் கொடுத்தால் மட்டும் போதாது. போகிறவன் கையிலிருப்பதைப் பிடுங்கி வைப்பதும் சிஸ்டத்தின் வேலை. சில வரிகள்தான். எழுதியதும் பேசியது.

அண்ணன் தொட மாட்டேன் என்று தலையாட்டினான். "ஒரே ஒரு தடவ அழுத்திப் பாரு அண்ணா" என்று கெஞ்சினேன். என்னைத் திட்டி நீளமாக ஒன்று தட்டினான், பாதியில் நிறுத்தினான். வேறு மாதிரித் திட்டினான், அதையும் நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்கணுமே! கடைசியில் பெட்டி சொன்னது: "வியாழக்கிழம லீவு போடு."

மார்ச் 27, வியாழன்

போட்டேன். மேடை ஏறிப் பெட்டியின் ஸ்விட்சை அவனே போட்டான்.

கத்தரிக்காய்க் கூடைகள். "ஒரு தரம்… ரெண்டு தரம்… மூ—" ஓரத்தில் ஒரு கை. சட்டென்று அமைதி. பிறகு பெட்டி: "ஓரமா நிக்கறவரே, வெலய சத்தமா கேளுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. விலை ஏறியது. தலைவர் தூணில் சாய்ந்து நின்று கேட்டார், போகவே இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணி போன் செய்தாள். "மண்டி விட்டு வந்தும் உங்க அண்ணன் ஓயறதில்ல. முன்னாடியாவது மூச்சு விட நிறுத்துவாரு. இந்தப் பெட்டிக்கு மூச்சும் வேண்டாம்!"

பின்னாலிருந்து பெட்டியின் குரல்: "யாருகிட்ட என்னப் பத்திப் பேசற?"

அண்ணி என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணன் இன்னும் பேசி முடிக்கவில்லை.