வலது பக்கம் நன்றாயிருக்கிறது என்று சொன்னேன்

கடலூர் முதுநகர்
12.4.2012

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா சுப்புராயன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், சார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருவந்திபுரத்துப் பெருமாளை வேண்டிக்கொள்கிறோம். தானே புயலில் பறந்த கூரை ஓடுகளை மாற்றியாகிவிட்டது. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. நான் ஒரு தப்பு செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஊரில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரி வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய பாய்மரப் படகு, இரண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூட்டியது போல இருக்கும், புயலில் அடிபட்டு உப்பனாற்றங்கரைப் பட்டறைக்கு வந்தது. உன் மாமா காத்தவராயனும் நானும் வேலையை எடுத்தோம். பைபர் வேலையில் பாதி காதில்தான் இருக்கிறது. மரச்சுத்தியால் தட்டினால் கெட்டியான இடம் டண்ணென்று கேட்கும், உள்ளே ஊறிப் பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். தட்டிப் பார்ப்பது நான், ரெசின் பசையும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் கலப்பது அவன். இடது பக்கம் விரிசல் கண்ணுக்கே தெரிந்தது, சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே மூன்று அடுக்கு பைபர் மேட் ஒட்டி, விலா எலும்பு மாதிரி கட்டை வைத்துப் பலப்படுத்தினோம். வலது பக்கம் முழுக்கத் தட்டிவிட்டு, நன்றாயிருக்கிறது, மேலே ஒரு பூச்சு போதும் என்று சொன்னேன். வெள்ளோட்டத்துக்கு நம் ஊர்ப் படகோட்டி ராபர்ட் எடுத்துக்கொண்டு போனான். முகத்துவாரம் தாண்டியதும் அந்த வலது பக்கம்தான் அடியில் பிரிந்து, தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. பாய்மரம் விழுந்து அவன் இடுப்பு முறிந்துவிட்டது, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இனி கடலுக்குப் போக முடியாது என்கிறார்கள். படகைக் கரையேற்றியதும் காத்தவராயன் கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் தட்டி, இங்கியும் பொத்துன்னு கேக்குதே மச்சான், ஒனக்குக் கேக்கலியா என்றான். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவன் என் முகத்தையே பார்த்தான். அதற்குள் ராபர்ட் பெண்டாட்டி சவரியம்மாள் ஓடிவந்து எவன் செஞ்ச வேல இது என்று கத்தினாள். ஹார்ட்னர நான்தான் கொறச்சலா ஊத்திட்டேன் என்று காத்தவராயன் சொல்லிவிட்டான். அவன் குடியை விட்டு இரண்டு வருஷமாகிறது, குடிச்சிட்டுத்தானடா கலந்த என்று மண்ணை வாரி அவன் மேல் இறைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காது போன மிஸ்திரியை எவன் கூப்பிடுவான் என்ற பயத்தில் பேசாமல் நின்றேன், உன் அப்பன் அவ்வளவுதான். இப்போது அவனைத்தான் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் ராபர்ட்டிடமும் சவரியம்மாளிடமும் உள்ளதைச் சொல்லப் போகிறேன். வேணாம் மச்சான், போனது போவட்டும் என்கிறான் அவன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷமாகவே எனக்குக் காது மந்தம். எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் அது முடியாது, அதனால் நீ என்ன சொன்னாலும் ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். போன மாதம் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை என்று நீ அழுதபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். நீ போனை வைத்த பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லித்தான் தெரிந்தது. அவளிடமும் வெட்கப்பட்டு, ஏதோ ஞாபகத்தில் உளறிவிட்டேன் என்றேன். என்னை மன்னித்துக்கொள் கண்ணு.

கனமான எதையும் தூக்காதே, மாத்திரையை விடாதே. மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும். அன்றைக்கு என்னிடம் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பு, அப்பா படிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சுப்புராயன்